சர்டிபிகேட் சரி, சரிபார்ப்பு சரியா?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் என் சித்தப்பா மகன் சிறிய லேத் பட்டறை ஒன்று நடத்தி வருகிறான். நான்கு மெஷின், ஆறு பேர், பில் போடுவதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் போன் செய்தான். "அண்ணா, பில்லிங் சாப்ட்வேர் பேக்கப் எடுக்க மாட்டேங்குது. ஏதோ சர்டிபிகேட் எரர்னு வருது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்குள் பிரச்னை தீர்ந்திருந்தது. சாப்ட்வேர் கம்பெனியின் சர்வீஸ் பையன் ரிமோட்டில் வந்து ஐந்தே நிமிடத்தில் சரி செய்து விட்டாராம். என்ன செய்தார் என்று செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். "சர்டிபிகேட் பிழைகளைப் பொருட்படுத்தாதே" என்ற பொருளில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக். அவ்வளவு தான்.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்து போயிருந்தது. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. கணக்கு எழுதும் பெண் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளாமல், ஒவ்வொரு பில்லிலும் தேதியைக் கையால் மாற்றி வந்திருக்கிறார். சர்வரின் சர்டிபிகேட்டிலோ "இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். 2009-ல் நின்று கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சர்டிபிகேட். எனவே சாப்ட்வேர் மறுத்தது. மறுத்தது நூற்றுக்கு நூறு சரி.

சில பத்து ரூபாயில் முடிகிற பேட்டரி வேலை. அதற்குப் பதிலாகக் கதவின் பூட்டையே கழற்றி வைத்து விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த பேக்கப்பில் வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. எண்கள், பேசி முடித்த விலைகள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. டிக் செய்த நாளில் இருந்து, வழியில் எவராவது ஒரு போலி சர்டிபிகேட்டைக் காட்டி "நான் தான் உங்கள் சர்வர்" என்று சொன்னாலும் சாப்ட்வேர் நம்பி எல்லாவற்றையும் கொடுத்து விடும்.

இந்த இடத்தில் தான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சர்டிபிகேட்டைச் சோதிக்கும் முறையில் சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தச் சோதனையைச் சேர்க்கலாம். சேர்க்க வேண்டும் என்று கூடச் சொல்வேன். ஆனால் அந்தச் சொந்தச் சோதனைக்கு "கூடாது" என்று சொல்லும் உரிமை மட்டுமே இருக்க வேண்டும். வழக்கமான சோதனை "கூடாது" என்று சொன்னதை "பரவாயில்லை" என்று மாற்றும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது.

சங்கிலி எப்படி வேலை செய்கிறது?

எச்.டி.டி.பி.எஸ். முகவரியுள்ள ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தத் தளம் தன் சர்டிபிகேட்டைக் காட்டுகிறது. பிரவுசர் கேட்கும் முதல் கேள்வி: "இதில் கையெழுத்துப் போட்டது யார்?" அது ஓர் இடைநிலை சர்டிபிகேட்டைக் காட்டும். "அவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" இப்படி மேலே மேலே போய், கடைசியில் ரூட் எனப்படும் மூல சர்டிபிகேட்டில் முடியும். அந்த ரூட், கம்ப்யூட்டரோ பிரவுசரோ முன்கூட்டியே வைத்திருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் சரி. கூடவே தேதி சரியா, தளத்தின் பெயர் பொருந்துகிறதா என்றும் பார்க்கும். இதைத் தான் சர்டிபிகேட் சங்கிலிச் சோதனை என்கிறோம்.

நம்பிக்கைப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட ரூட்கள் இருக்கும். பல நாடுகள், பல நிறுவனங்கள். இதில் எந்த ஒன்றின் கீழ் வரும் நிறுவனமும், பொதுவாக உலகத்தில் எந்தத் தளத்தின் பெயருக்கும் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்க முடியும். சங்கிலி ஒழுங்காக இருந்தால் சோதனை "சரி" என்று சொல்லி விடும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பூந்தமல்லி தாசில்தார் ஒரு நிலத்துக்குப் பட்டா கொடுக்கிறார். கையெழுத்து அவருடையது தான். முத்திரை அசல் தான். அவரை நியமித்தது அரசு தான். ஆனால் அந்த நிலம் மதுரையில் இருக்கிறது! அந்தப் பட்டாவை எந்த அலுவலகமாவது ஏற்றுக் கொள்ளுமா? முத்திரை உண்மையா என்பது ஒரு கேள்வி. அந்த முத்திரைக்கு எல்லை எதுவரை என்பது இன்னொரு கேள்வி. வழக்கமான சங்கிலிச் சோதனை முதல் கேள்வியை நன்றாகவே கேட்கிறது. இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. எல்லையைக் குறிக்கும் வசதி ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. நேம் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்று பெயர். ஆனால் பெரும்பாலான ரூட்களில் அப்படி எல்லை எதுவும் எழுதப்படவில்லை.

2014-ல் டில்லியில் நடந்தது

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி, சர்டிபிகேட் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவதற்காக சி.சி.ஏ. எனப்படும் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவின் ரூட் அதன் கையில். அதன் கீழ் இடைநிலை சர்டிபிகேட்டுகள் வைத்திருந்த அமைப்புகளில் ஒன்று என்.ஐ.சி. எனும் தேசிய தகவல் மையம். சி.சி.ஏ.யின் ரூட் மைக்ரோசாப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. அதாவது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அதை நம்பின.

2014 ஜூலை 2 அன்று, தன் தளங்களின் பெயரில் என்.ஐ.சி. வழியாக அனுமதியில்லாத சர்டிபிகேட்டுகள் வெளியாகியிருப்பதை கூகுள் அறிந்தது. மறுநாளே சி.சி.ஏ., என்.ஐ.சி.யின் இடைநிலை சர்டிபிகேட்டுகள் அனைத்தையும் ரத்து செய்தது. என்.ஐ.சி.யில் சர்டிபிகேட் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவி விட்டார்கள் என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் சி.சி.ஏ. தெரிவித்தது. மூன்று கூகுள் பெயர்களுக்கு, ஒன்று யாகூ பெயருக்கு. முதலாவது ஜூன் 25-ல் வழங்கப்பட்டது. ஆனால் அந்த நான்கிலும் சேராத போலி சர்டிபிகேட்டுகள் தனக்குத் தெரியும் என்றது கூகுள். எத்தனை வெளியே போயின என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை.

இந்தப் போலிகளின் சங்கிலியில் எந்தக் குறையும் இல்லை. கையெழுத்து அசல், தேதி சரி, பெயர் பொருத்தம். பூந்தமல்லி முத்திரையுடன் மதுரைப் பட்டா!

அப்படியானால் யார் தப்பித்தார்கள்? பயர்பாக்ஸ் தன் சொந்த நம்பிக்கைப் பட்டியலை வைத்திருந்தது. அதில் இந்திய ரூட் இல்லாததால் அது பாதிக்கப்படவில்லை. விண்டோஸில் ஓடிய குரோம், இந்திய ரூட்டை நம்பியது. ஆனாலும் கூகுள் தளங்களுக்கான போலியை அது ஏற்றிருக்காது. காரணம், அதற்குள் கூடுதலாக ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தது. "கூகுள் தளம் என்று யார் வந்தாலும், இன்னின்ன சாவிகளின் வழியாகத் தான் சங்கிலி வந்திருக்க வேண்டும்" என்ற விதி. இதற்குப் பின்னிங் என்று பெயர். சங்கிலி சரியாக இருந்தாலும் இந்த விதிக்குப் பொருந்தாவிட்டால் வெளியே தான்.

அதோடு நிற்கவில்லை. இந்திய ரூட்டைக் குரோம் முழுவதுமாகத் தூக்கி எறியவும் இல்லை. அதற்கு எல்லை வகுத்தது. ஜி.ஓ.வி. டாட் இன், என்.ஐ.சி. டாட் இன், ஏ.சி. டாட் இன் ஆகிய மூன்று, அதோடு ரிசர்வ் வங்கி, பேங்க் ஆஃப் இந்தியா, என்கோட், டி.சி.எஸ். தளங்களின் பெயர்கள். மொத்தம் ஏழே ஏழு. இவற்றின் கீழ் வரும் தளங்களுக்கு மட்டும் இந்த ரூட் செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது என்று குரோமுக்குள் எழுதி வைத்தார்கள். மைக்ரோசாப்ட் ஜூலை 10 அன்று தன் நம்பிக்கைப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஏழு பெயர் விதி தான். அரசு ரூட் அரசுத் தளங்களுக்குத் தொடர்ந்து பயன்படும். அதே ரூட்டை வைத்து உங்கள் மெயிலைத் திறக்க முடியாது. தாசில்தாருக்கு வேலையும் போகவில்லை, எல்லையும் வந்து விட்டது.

இதே கதை 2011-ல் நெதர்லாந்திலும் நடந்தது. டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவி 500-க்கும் மேற்பட்ட போலி சர்டிபிகேட்டுகளை எடுத்து விட்டார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் மீது அது பிரயோகிக்கப்பட்டது. அங்கும் குரோமில் இருந்த பின்னிங் எச்சரிக்கை தான் குட்டை உடைத்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது.

கூடுதல் சோதனையா, மாற்றுச் சோதனையா?

இப்போது நம் பில்லிங் சாப்ட்வேருக்கு வருவோம். பிரவுசர் எழுதுகிறவர்கள் கூடுதல் சோதனையால் கதவை இறுக்குகிறார்கள். சாதாரண சாப்ட்வேர் எழுதுகிற நம் ஆட்களோ அதே வசதியைக் கதவைத் திறந்து விடப் பயன்படுத்துகிறார்கள்.

டாட் நெட்டில் சாப்ட்வேர் எழுதும்போது, சர்டிபிகேட்டைச் சோதிக்கும் இடத்தில் உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கோர்க்கலாம். வழக்கமான சோதனையின் முடிவு அதன் கையில் தரப்படும். கடைசித் தீர்ப்பு அந்த ஃபங்ஷனுடையது. பலர் என்ன செய்கிறார்கள்? ஒரே வரி: "ட்ரூ" என்று திருப்பி அனுப்பு. பைதானில் "வெரிஃபை" என்பதை "ஃபால்ஸ்" ஆக்குவார்கள். ஜாவாவில் சோதிக்க வேண்டிய ஃபங்ஷனைக் காலியாக விடுவார்கள். "டெஸ்டிங்குக்காகப் போட்டேன், எடுக்க மறந்து விட்டேன்" என்பது நமக்குப் பழகிய பதில். இது வெளியே எவருக்கும் தெரியாது. சாப்ட்வேர் நன்றாகவே வேலை செய்யும். பூட்டில்லாத கதவும் நன்றாகவே திறக்கும், மூடும்.

இன்னும் சிலர் நல்ல எண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். "வழங்கியவர் பெயரில் எங்கள் கம்பெனி பெயர் இருக்கிறதா?" என்று மட்டும் பார்த்து விட்டு ஏற்றுக் கொள்வார்கள். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே! பாரிமுனையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்குவது போல, வீட்டில் உட்கார்ந்தே எந்தப் பெயரிலும் ஒரு சர்டிபிகேட் தயாரிக்க முடியும். பெயரைப் பார்த்து விட்டுக் கையெழுத்தைப் பார்க்காதது சோதனையே இல்லை.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2012-ல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரவுசர் அல்லாத சாப்ட்வேர்களை ஆராய்ந்தார்கள். கர்ல் என்ற லைப்ரரியில் தளத்தின் பெயரைச் சோதிக்கும் ஆப்ஷனுக்கு அப்போது 2 என்று மதிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. புரோகிராமர்கள் "ட்ரூ" என்று எழுதினார்கள். அது 1 ஆக மாறியது. அன்று 1 என்றால், சர்டிபிகேட்டில் ஏதாவது ஒரு பெயர் இருந்தாலே போதும் என்று அர்த்தமாக இருந்தது! பணம் செலுத்தும் சாப்ட்வேர்களில் கூட இந்தப் பிழை இருந்தது. பாதுகாப்பை ஆன் செய்கிறோம் என்று நினைத்தே ஆஃப் செய்திருக்கிறார்கள்.

எனவே இன்ஜினியரிங் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும், சாப்ட்வேர் எழுதும் நண்பர்களுக்கும் நான் சொல்வது இது தான்:

1. வழக்கமான சங்கிலிச் சோதனை முதலில் நடக்கட்டும். அதில் ஒரு பிழை வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் ஃபங்ஷன் அதற்கு மேல் பேசக் கூடாது.

2. அது தேறிய பிறகு உங்கள் கேள்வியைக் கேளுங்கள். இந்தச் சாவி நாங்கள் எதிர்பார்த்தது தானா? இந்த ரூட்டுக்கு இந்தப் பெயரில் வேலை உண்டா?

3. டெஸ்டிங்குக்குத் தனி ரூட் ஒன்றை உருவாக்கி டெஸ்ட் மெஷினில் மட்டும் போடுங்கள். சோதனையை அணைக்கும் வரியை எழுதவே எழுதாதீர்கள்.

4. பயனாளருக்கு "பிழையைப் பொருட்படுத்தாதே" என்ற கட்டத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் யாராவது டிக் செய்வார்கள். அதற்குப் பதில் "உங்கள் கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருக்கிறது" என்று தமிழில் ஒரு வரி காட்டினால், பட்டறையில் கணக்கு எழுதும் பெண்ணே அதைச் சரி செய்து விடுவார்.

எதிர்வாதமும் உண்டு

கூடுதல் சோதனைகளால் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தளமும் தனக்குத் தானே பின்னிங் வைத்துக் கொள்ளும் முறை ஒன்று 2015-ல் ஸ்டாண்டர்டாக வந்தது. சாவியைத் தொலைத்தால் தளத்தின் சொந்தக்காரரே தன் வாசகர்களைப் பல வாரங்களுக்கு வெளியே நிறுத்தி விடும் ஆபத்து அதில் இருந்தது. 2019-ல் குரோம் அதைக் கைவிட்டது. தவிர, பொதுத் தளங்களின் சர்டிபிகேட் ஆயுளும் குறைந்து கொண்டே வருகிறது. 2029-க்குள் அது 47 நாட்களாகி விடும் என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்து விட்டார்கள். ஒரு குறிப்பிட்ட சர்டிபிகேட்டையே சாப்ட்வேரில் ஆணி அடித்து வைத்தால், அது மாறும் போதெல்லாம் சாப்ட்வேர் நின்று விடும்.

ஆகவே ஆணியை எங்கே அடிப்பது என்று யோசித்து அடிக்க வேண்டும். சர்டிபிகேட்டில் அடிக்காமல் சாவியில் அடிக்கலாம். மாற்றுச் சாவி ஒன்றையும் சேர்த்து வைக்கலாம். அதுவும் முடியாதென்றால், எல்லை வகுப்பது மட்டுமே போதும்.

பின்னிங்குக்குப் பதிலாகப் பெரிய பிரவுசர்கள் தேர்ந்தெடுத்த வழி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. வழங்கும் ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்பட்ட சர்டிபிகேட்டில் அந்தப் பதிவுக்கான அத்தாட்சி இல்லாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. நிலம் வாங்கும் முன் நாம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அது போலத் தான். உங்கள் கம்பெனி தளத்தின் பெயரில் யார் யார் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறார்கள் என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். 2014-ல் இது இருந்திருந்தால், அந்தப் போலிகள் பதிவேட்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்திருக்கும், அல்லது பிரவுசரில் செல்லாக் காசாகியிருக்கும்.

இந்திய பிரவுசருக்கு ஒரு வேண்டுகோள்

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இந்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியை அறிவித்தது. சி.சி.ஏ.யின் ரூட்டைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் கொண்ட பிரவுசர் வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2025 மார்ச்சில் முதல் பரிசான ஒரு கோடி ரூபாயை நம் சோஹோ நிறுவனம் பெற்றது. தமிழ்நாட்டுக்குப் பெருமை தான்.

இந்தியர் யாரை நம்பலாம் என்பதை வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். நம் ரூட் நம் பிரவுசரில் இருக்கட்டும். ஆனால் எல்லையோடு இருக்கட்டும். அரசுத் தளங்கள், வங்கிகள், கல்வி நிறுவனங்கள் என்று பெயர் வட்டம் வகுத்து, பொதுப் பதிவேட்டையும் கட்டாயமாக்கி வைத்தால் எவரும் குறை சொல்ல முடியாது. எல்லையில்லாமல் வைத்தால், 2014-ல் என்.ஐ.சி.யில் நுழைந்தவர் போல இன்னொருவர் நுழையும் நாளில் நம் எல்லோருடைய மெயிலும் வங்கிக் கணக்கும் அவர் கையில். வெளிநாட்டு பிரவுசர் நமக்குப் போட்ட வேலியை நம் பிரவுசர் பிடுங்கிப் போட்டால் அது சுயசார்பு ஆகாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

சர்டிபிகேட் எரர் வந்தால் முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அது சரியாக இருந்தும் எரர் வந்தால் அந்தத் தளத்தில் பாஸ்வேர்டு எதையும் டைப் செய்யாதீர்கள்.

"இந்த ரூட் சர்டிபிகேட்டை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று எந்த சாப்ட்வேர் கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள். 2015-ல் லெனோவா லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாப்ட்வேர் இப்படி ஒரு ரூட்டைப் போட்டிருந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி. அது வெளியானதும் யார் வேண்டுமானாலும் அந்த லேப்டாப்புகளை ஏமாற்றலாம் என்ற நிலை வந்தது.

ஆதார் பி.டி.எஃப். ஃபைலை டவுன்லோட் செய்தால் கையெழுத்து இடத்தில் கேள்விக்குறி தெரியும். பிரவுசிங் சென்டரில் உடனே வலது கிளிக் செய்து நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து பச்சை டிக் வரவழைத்துத் தருவார்கள். ஆதார் ஆணையம் தந்த விளக்கத்தில், சேர்ப்பதற்கு முன் சர்டிபிகேட்டைத் திறந்து அதன் சங்கிலி யாரிடம் போய் முடிகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு படியைத் தான் நாம் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம். பார்க்காமல் வாங்கிய பச்சை டிக், நாமே நமக்குப் போட்டுக் கொண்ட ரப்பர் ஸ்டாம்ப்.

தம்பியின் பட்டறையில் அன்று பேட்டரியை மாற்றினேன். தேதியைச் சரி செய்தேன். அந்த டிக்கை எடுத்தேன். பேக்கப் ஒழுங்காகப் போனது. சாப்ட்வேர் கம்பெனிக்கு போன் செய்து அந்தக் கட்டத்தையே எடுத்து விடுங்கள் என்றேன். "சார், எடுத்தா நிறைய கால் வரும்" என்றார்கள்.

வரட்டும். ஒவ்வொரு காலும் எங்கோ ஒரு தேதி தவறு, எங்கோ ஒரு சர்டிபிகேட் தவறு என்று சொல்கிற கால். அதைக் கேட்டுச் சரி செய்வதற்குத் தானே வருடா வருடம் ஏ.எம்.சி. கட்டுகிறோம்?